ஓடைக்கு அந்தப் பக்கத் தபால்

போன மாதம் ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். பஸ் நிற்கும் முக்கில் இரும்புச் சட்டம் நட்டு, அதில் வரிசையாகத் தகரப் பெட்டிகளை மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வீட்டுக்காரர் பெயர். இனித் தபால்காரர் மேலே ஏறி வரமாட்டார், இதில் போட்டுவிட்டுப் போவார், அவரவர் இறங்கி வந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். என் பழைய வேலை தெரிந்த ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, நீங்க அதுலயே கெடந்தவரு. இது தேவலைதானுங்களே? என்னத்துக்கு ஒரு மனுசன் தெனமும் மூச்சு வாங்கிட்டு ஏறணும்?"

தேவலைதான் என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன். சாவு வீட்டில் அதற்குமேல் என்ன பேசுவது? அடிவாரத்தில் இருக்கும் என் அறைக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அவருக்குச் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நான் ஓர் இடத்தில் தரித்து இருந்தவன் அல்ல. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. யாரும் நிறுத்தவில்லை, நானே ஒரு லாரியில் ஏறிப் போய்விட்டேன். லாரியில் கிளீனர், பிறகு தார் ரோடு போடுகிற கூட்டத்தில் கல் உடைப்பு, சேலத்தில் ஒரு ஓட்டலில் மாவு ஆட்டுவது என்று எதிலும் ஒரு வருஷம் தாண்டியதில்லை. ரோட்டோரம் படுத்ததும் உண்டு, பட்டினியும் உண்டு. அதைச் சொல்லி யாரிடமும் பெருமூச்சு விட்டதில்லை. மிளகு பறிக்கிற ஒரு கூட்டத்தோடு ஏற்காட்டுக்கு ஏறினேன். மிளகு முடிந்து கூட்டம் இறங்கியது. எனக்குக் காய்ச்சல். இறங்கவில்லை.

காய்ச்சல் விட்ட சமயம், மலை மேல் ஒரு சின்னத் தபால் ஆபீசில் ஆள் தேவைப்பட்டது. எழுபதுகளின் கடைசி அது. நிரந்தர உத்தியோகம் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து, ஊர் ஊராகத் தபால் கொடுத்துவிட்டு வரவேண்டும். நடப்பதற்கு ஒருவன் சம்பளம் கொடுக்கிறான் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும்? கடைசிவரை அதிலேயே இருந்துவிட்டேன்.

பயிற்சி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. போஸ்ட்மாஸ்டர் அந்தோணிசாமி சார் என்னை எதிரே நிற்க வைத்து ஒரு கட்டுக் கடிதத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். தமிழைப் படித்தேன். இங்கிலீஷில் ஊர்ப் பெயரை மட்டும் எழுத்துக் கூட்டினேன். "போதும்ப்பா, மிச்சத்த நான் படிச்சுச் சொல்றேன். காலு எப்படி?" என்றார். காலைக் காட்டினேன். அவ்வளவுதான் பரீட்சை.

அந்தோணிசாமி சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். காலையில் பூட்டைத் திறந்ததும் கர்த்தருக்கு ஒரு சிலுவை போடுவார், அடுத்து முத்திரைக் கட்டையை எடுத்துத் தேதியை மாற்றுவார். மாற்றியதும் ஒரு வெற்றுத் தாளில் குத்தி, கண்ணாடியைத் தூக்கிப் பார்ப்பார். எழுத்து தெளிவாக விழாவிட்டால் ஊசியால் அழுக்கை நோண்டி எடுத்து மறுபடி குத்துவார். அது முடிகிறவரை யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்தில், "ரூல்ல எடமில்லப்பா" என்பார். சொல்லிவிட்டு, தானே ஏதோ தப்புச் செய்தவர் போல மேஜையைத் துடைப்பார்.

என் லைன் மாரமங்கலத்துப் பக்கம் போகிற ரோட்டில் ஒரு முக்கில் ஆரம்பிக்கும். முக்கில் ராமாயியக்காவின் டீக்கடை. அங்கிருந்து காப்பித் தோட்டத்து வழியாக இறங்கி, ஓர் ஓடையைத் தாண்டி ஏறினால் கடுக்காமரத்தூர். மலைக்காரர்களின் ஊர். சாமை, கேழ்வரகு, கொஞ்சம் காப்பி, அங்கங்கே பலாமரம். மலை உச்சியில் இருக்கிற சாமியின் பெயரையே பிள்ளைகளுக்கும் வைப்பதால் ஊரில் பாதி ஆண்கள் சேர்வராயன், பாதிப் பெண்கள் காவேரி. உறையில் வெறுமனே சேர்வராயன் என்று இருந்தால் யாருக்கு என்று அனுப்பியவர் ஊரை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த ஊருக்குத் தபால் கொடுக்க ஒரு முறை உண்டு. நல்ல சேதி என்றால் மஞ்சள் தடவி வரும். அதை வீட்டுக்குள் போய்க் கையில் கொடுக்கலாம். சாவுச் சேதியின் கார்டு ஓரத்தில் கறுப்பு மை தடவியிருக்கும். அதை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வாசல் எல்லையில் நின்று ஆண்பிள்ளையை வெளியே கூப்பிட்டு, "கையில தாளு இருக்குதுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். தாள் என்றாலே அவருக்குப் புரிந்துவிடும். வெளியே வந்து வாங்கிக்கொள்வார். நான் படித்துச் சொல்வேன். அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போவார். மாரியம்மன் நோம்பிக்குக் காப்புக் கட்டியிருந்தால் அந்தத் தாள் ஊருக்குள்ளேயே நுழையக் கூடாது. காப்பு அவிழ்க்கிறவரை நான் அதை ஆபீசிலேயே வைத்திருப்பேன். காப்புக் கட்டிய ஊர்க்காரர்களும் எல்லை தாண்டி வெளியே போகமாட்டார்கள்.

பலாமரத்துச் சேர்வராயன் வீடு ஊரின் கடைசியில் இருந்தது. அவர், அவர் மனைவி வெள்ளச்சி, ஒரே பெண் காவேரி. காவேரிக்குப் பதினைந்து வயதிருக்கும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதயத்தைப் பிடித்துக்கொண்டது. நாலடி நடந்தால் உதடு நீலமாகிவிடும். கீழ்நாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார்கள். ஆபரேசன் செய்தால் பிழைத்துக்கொள்வாள், ஆனால் படுக்கை காலியாகும்போதுதான் கூப்பிட முடியும், கார்டு போடுவோம், கார்டில் இருக்கிற தேதிக்கு வராவிட்டால் படுக்கையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆக, அந்த வீட்டில் மூன்று பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காவேரி பலாமரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருப்பாள். நான் டயர்ச் செருப்பு போடுகிறவன். "தபாலண்ணா, உங்க செருப்புச் சத்தம் ஓடைக்கு அந்தாண்ட வாரப்பவே கேக்குதுங்க. மாட்டு வண்டி வருதுன்னு எங்க நாயி எந்திரிச்சு நிக்குது" என்பாள்.

"கார்டு இல்ல கண்ணு."

"இல்லைனா நீங்களே ஒண்ணு எழுதிக் கொண்டாரதுதானுங்க? ஆறாவது படிச்சிருக்கீங்கல்ல?"

உள்ளேயிருந்து வெள்ளச்சி அதட்டுவாள். "பெரியவங்ககிட்ட என்னடி பேச்சு? அவரு பாவம் தண்ணி குடிக்கட்டும்." தண்ணீர் கொடுப்பாள். அதைக் குடிக்கிறவரை மூன்று பேரும் என் பையையே பார்ப்பார்கள்.

அந்த ஐப்பசியில் பிடித்த மழை ஓடைப் பாலத்தைக் கொண்டுபோய்விட்டது. பெரிய பாலம் ஒன்றும் இல்லை, இரண்டு கல் தூணும் மேலே பலகைக் கல்லும். மழை விட்டதும் ஊர்க்காரர்கள் இரண்டு சில்வர் ஓக் மரத்தை வெட்டிக் குறுக்கே போட்டு அதன்மேல் நடந்தார்கள். ஆனால் பாலம் இல்லாத வழியில் தபால் பை போகக் கூடாது என்று கீழே பெரிய ஆபீசிலிருந்து உத்தரவு வந்தது. பாலம் கட்டுகிறவரை கடுக்காமரத்தூர்த் தபாலை ராமாயியக்கா கடையில் பஸ்காரரே இறக்கிவிட வேண்டும், ஊர்க்காரர் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். என்னை எஸ்டேட் லைனுக்கு மாற்றினார்கள்.

நான் மரத்தின்மேல் நடந்து போய்க் கொடுக்கிறேன் என்று அந்தோணிசாமி சாரிடம் கேட்டேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கு முந்தி இருந்த ரன்னர் எப்படிப் போனான் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்."

"வேறொரு ஓடை. இதே மாதிரி மரம். அவன் சம்சாரத்துகிட்டப் போயி நான்தான் சொன்னேன். ரூல்ல எடமில்லப்பா." மேஜையைத் துடைத்தார்.

பாலத்துக்கு அலைந்த கதை பெரிது. பஞ்சாயத்து யூனியனில், அது காட்டு நிலம், பாரஸ்ட்காரரைக் கேளுங்கள் என்றார்கள். பாரஸ்டில், பாதை எங்களுடையது இல்லை, ரோட்டுக்காரரைக் கேளுங்கள் என்றார்கள். ரோட்டு ஆபீசில், தார் போடாத பாதை எங்கள் கணக்கில் வராது என்றார்கள். சேர்வராயன் மனு எழுத என்னிடம்தான் வருவார். நான் எழுதுவேன், அவர் பெருவிரல் வைப்பார். அந்தோணிசாமி சாரும் தன் பங்குக்கு மேலிடத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். பரிசீலனையில் உள்ளது என்று அவருக்குப் பதிலாவது வந்தது. சேர்வராயனுக்கு அதுவும் இல்லை.

ஒருநாள் அவர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டு கேட்டார். "ஏனுங்க சாமி, நாங்க போடற மனுவு போயிச் சேருதுங்களா? இல்ல, அதும் எங்கியாச்சும் டீக்கடைல கெடக்குதுங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தோணிசாமி சார் எழுந்து வெளியே வந்தார். ஆஸ்பத்திரிக் கார்டு வந்தால் கட்டிலிருந்து தனியே எடுத்துவைத்து அன்றைக்கே ஆள் மூலம் அனுப்புவதாகச் சொன்னார். மனதாரத்தான் சொன்னார். அதன்பிறகு தினமும் கட்டைப் பிரித்ததும் முதலில் அதைத்தான் தேடினார், இன்றைக்கும் இல்லை என்று சாயங்காலம் என்னிடம் சொல்வார்.

சித்திரை கடைசியில் அவருக்கு மஞ்சள் காமாலை. படுத்துவிட்டார். மாற்றுக்கு வந்தவர் மலைக்குப் புதிது. உத்தரவில் இருந்தபடி கட்டைக் கட்டி டீக்கடைக்கு அனுப்பினார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் காலையில் எஸ்டேட் பையை எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன், கடுக்காமரத்தூர்க் கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருப்பதில்லை.

கார்டு அந்த வாரம்தான் வந்தது. கடுக்காமரத்தூரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள்.

உடனே வரவேண்டியவர்களுக்கு அனுப்பும் கார்டில் அந்த ஆஸ்பத்திரியில் ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை அச்சடித்திருப்பார்களாம். பார்த்ததும் கண்ணில் படட்டும் என்பதற்காக. விஷயம் முழுக்க இங்கிலீஷில்.

ராமாயியக்காவுக்கு எழுத்துத் தெரியாது. கறுப்பு ஓரம் தெரியும். பஸ் கண்டக்டரைக் கேட்டபோது, பலாமரத்துச் சேர்வராயனுக்கு என்று மட்டும் சொல்லியிருக்கிறார். சேர்வராயனின் அக்காவைக் கொல்லிமலையில் கட்டிக்கொடுத்திருந்தது. அந்த அக்கா தை மாதத்திலிருந்து படுக்கை. ராமாயியக்கா அந்த அக்காவோடு சேர்ந்து காப்பி பறித்தவள். கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதிருக்கிறாள். ஆனால் சேதி ஊருக்குள் போகக் கூடாது. அந்த வருஷம் காவேரி மாவிளக்கு எடுப்பதாக வேண்டுதல் இருந்தது. தாள் போனால் வீட்டுக்குத் தீட்டு, பெண் கோயில் பக்கம் போக முடியாது, இருதயத்துக்காக வேண்டிக்கொண்டது வீணாகிவிடும். ஆகவே கார்டைக் கடைக்குள் வைக்காமல் வெளிக்கூரை ஓலையில் செருகிவைத்தாள். நான் அந்த லைனில் இருந்திருந்தால், எனக்கு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும், ஆபீசில் கேட்டுவிட்டுத்தான் பையில் போட்டிருப்பேன். டீக்கடையில் யாரைக் கேட்பாள்?

காவேரி மாவிளக்கு எடுத்தாள். கோயில்வரை நடக்க முடியாததால் மாமன் ஒருவர் தூக்கிக்கொண்டு போனாராம்.

காப்பு அவிழ்த்த மறுநாள் ராமாயியக்கா கடையைச் சாத்திவிட்டு, மரத்தின்மேல் நடந்து ஊருக்குப் போனாள். வாசல் எல்லையில் நின்று கூப்பிட்டாள். "தாளு வந்திருக்குது சேர்வராயா. உங்கக்கா போயிட்டா." அவர் வெளியே வந்தார். முறைப்படி கார்டை வாங்கினார், முறைப்படி கிழித்துப் போட்டார். தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்துக்கொண்டு, அடக்கம் ஆகியிருந்தாலும் முகம் காட்ட வேண்டும் என்று புருஷனும் பெண்சாதியும் கொல்லிமலைக்குக் கிளம்பினார்கள். காவேரியைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனார்கள்.

அவர்கள் திரும்பி வந்து நேராக ஆபீசுக்குத்தான் வந்தார்கள். சாயங்காலம். நான் பையை ஒப்படைத்துக்கொண்டிருந்தேன். அந்தோணிசாமி சார் அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார், கண் இன்னும் மஞ்சளாக இருந்தது.

சேர்வராயன் சொன்னார். "மாரடிச்சுக்கிட்டே போறமுங்க. எங்கக்கா வாசல்ல உக்காந்து மொச்சை உரிச்சுக்கிட்டு இருக்குதுங்க! 'ஏன்டா இப்படி ஓலமிட்டுக்கிட்டு வர்றே, யாரு செத்தா?'ன்னு கேக்குது. நான் என்னத்தச் சொல்லட்டும்? கையில கோடிச் சேலை. அதையும் பாத்துப்போட்டு, 'எனக்காடா எடுத்தாந்தே, நொம்ப நல்லா இருக்குது'ன்னு வாங்கிக் கட்டிக்கிச்சுங்க."

சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. எங்களுக்கும் வந்தது. கொல்லிமலையிலிருந்து வருகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டேதான் வந்திருக்கிறார்கள். ஏற்காட்டுப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு வெள்ளச்சிதான் கேட்டிருக்கிறாள்: "அப்ப, அந்தத் தாளு யாருதுங்க?"

அதையேதான் ஆபீசிலும் கேட்டாள். அந்தோணிசாமி சார் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. என்னைப் பார்த்து, "போய்ப் பொறுக்கிட்டு வாப்பா" என்றார். மரத்தின்மேல் நடக்கக் கூடாது என்கிற ரூலை அவர் அன்றைக்குச் சொல்லவில்லை.

பலாமரத்தடியில் கார்டின் ஒரு பாதிதான் கிடைத்தது. காவேரி கல்லில் உட்கார்ந்திருந்தாள். "என்னண்ணா தேடறீங்க? சொல்லுங்க, நானும் தேடறேன்" என்றாள். ஒன்றுமில்லை கண்ணு என்று சொல்லிவிட்டு வந்தேன். கிடைத்த பாதியில் தேதி இருந்தது. அது அவர்கள் கொல்லிமலையில் அக்காவின் வாசலில் நின்ற நாள்.

மறுநாளே பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். படுக்கையை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அங்கே யாரும் கடிந்து பேசவில்லை. மறுபடி வரிசையில் பெயரை எழுதிக்கொண்டு, கார்டு போடுவோம், போய் இருங்கள் என்றார்களாம்.

காவேரி ஆடி மாதம் செத்துப்போனாள். மழைக் காலம். சில்வர் ஓக் மரத்தின்மேல்தான் ஊர்க்காரர் வந்துபோனார்கள். நானும் போனேன். ராமாயியக்கா வாசல் எல்லையிலேயே உட்கார்ந்திருந்தாள். யார் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. வெள்ளச்சி எழுந்து போய் அவள் கையைப் பிடித்து, "நீ நல்லதுக்குத்தானேக்கா செஞ்ச" என்று கூட்டிவந்தாள். அதற்குப் பிறகு ராமாயியக்கா கடையில் தபாலை வாங்கவில்லை. கட்டைப் பஸ்காரர் நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

ஆவணியில் பாலம் கட்டினார்கள். எந்த மனுவுக்காக, எந்த ஆபீஸ் கட்டியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருநாள் ஆட்கள் வந்தார்கள், சிமெண்டு மூட்டை வந்தது, வேலை முடிந்தது. பழைய லைனை எனக்கே திருப்பிக் கொடுத்தார்கள்.

லைன் திறந்து கொஞ்ச நாள்தான். காலையில் கட்டைப் பிரித்த அந்தோணிசாமி சார் ஒரு கார்டை எடுத்து மேஜையில் வைத்தார். கறுப்பு ஓரம். படித்தார். அடுத்த வாரம் ஒரு தேதி போட்டு, பெண்ணை அழைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தது.

"பேரு அப்பாவோடதுதான். அவரு இருக்காரு. அதனால திருப்பி அனுப்ப ரூல்ல எடமில்லப்பா" என்றார். பிறகு, "உனக்கு முடியலைன்னா சொல்லு, நான் நடக்கறேன்" என்றார். காமாலையில் விழுந்து எழுந்த உடம்பு. நானே எடுத்துக்கொண்டேன்.

வாசல் எல்லையில் நின்று கூப்பிட்டேன். கல்லில் யாரும் இல்லை. நாய் எழுந்து நின்றது. சேர்வராயன் வெளியே வந்து கார்டின் ஓரத்தைப் பார்த்தார். சார் படித்துக் காட்டியதை நான் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன்.

"எப்ப வரச் சொல்லியிருக்குதுங்க?"

"அடுத்த வாரமுங்க."

அவர் கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த வாட்டி நேரத்துக்கு வந்திருச்சுங்களே" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று சொன்னதுபோல இருந்தது. பிறகு கேட்டார்: "இதக் கிழிச்சுப் போடறதுங்களா, உள்ள கொண்டு போறதுங்களா?"

இத்தனை வருஷம் அந்த முறையை அறிந்தவன் நான். இதற்கு முறை எது என்று எனக்குத் தெரியவில்லை. "உள்ள கொண்டு போங்க" என்றேன்.

அவர் கார்டோடு வீட்டுக்குள் போனார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். உள்ளே இருட்டில் வெள்ளச்சியின் குரல் கேட்டது. "யாருக்குங்க?"

"நம்ம காவேரிக்குத்தான்" என்றார்.